எல்லை தாண்டி வரட்டும் கடைக்காரர்!

ஓசூரில் பேருந்து ஏறிப் பெங்களூர் நோக்கிப் போனால், சிறிது தொலைவில் ஜூஜூவாடி வரும். அதைக் கடந்தால் அத்திப்பள்ளி. இடையிலே மலை இல்லை, மாநதி இல்லை, மதிற்சுவர் இல்லை. இந்தப் பக்கம் தமிழ்ப் பலகை, அந்தப் பக்கம் கன்னடப் பலகை. அவ்வளவுதான் எல்லை!

பொழுது விடிந்தால் இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் ஆயிரம் ஆயிரம். பொம்மசந்திராவில் இயந்திரம் ஓட்டிவிட்டு ஓசூரில் வந்து உறங்குபவர் இருக்கிறார். சிப்காட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெங்களூர்க் கடையிலே கொண்டுபோய்க் கொடுப்பவரும் இருக்கிறார்.

பணம் எல்லை தாண்டுகிறது, ஒருவரும் தடுப்பதில்லை. பண்டம் எல்லை தாண்டுகிறது, ஒருவரும் மறிப்பதில்லை. ஆனால், வாங்கிய பண்டம் பழுது என்று முறையிட எழுந்தால் மட்டும், எங்கிருந்தோ எல்லை முளைத்துவிடுகிறது! "அது வேறு மாநிலமப்பா! நம்மால் என்ன ஆகும்?" என்கிறார்கள். ஏமாற்றியவனுக்கு இல்லாத எல்லை, ஏமாந்தவனுக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு லேத் தொழிலாளி. ஓசூரில் சின்னஞ்சிறு பட்டறை ஒன்றில் வேலை. அவருடைய துணைவியார் வீட்டிலே இருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். மிதித்து ஓட்டும் பழைய இயந்திரத்தில் காலும் இடுப்பும் நொந்துபோகவே, சீட்டுப் பணம் எடுத்து மோட்டார் வைத்த தையல் இயந்திரம் ஒன்று வாங்குவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பெங்களூரில் மலிவு என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். விலை 18,500 ரூபாய். பத்தாயிரத்தைக் கைப்பேசி வழியே அனுப்பினார். மீதியை ரொக்கமாக எண்ணி வைத்தார். பில் கேட்டார்.

"பில் போட்டா வரி சேரும், வெலை ஏறும். ஒங்களுக்கு எதுக்குண்ணா அந்தச் செலவு?" என்று சிரித்தார் கடைக்காரர். அண்ணன் முறை சொல்லி அழைத்துவிட்டாரே! தோழர் குளிர்ந்துபோனார். கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதிலே தேதி, தொகை, ஒரு ரப்பர் முத்திரை. விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது என்பது முத்திரையின் வாசகம்.

பதினோராம் நாள் மோட்டார் புகைந்தது.

இயந்திரத்தைச் சாக்கிலே கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார் தோழர். முதலாளி இல்லை, "நாளே பா" என்றார் கடைப் பையன். நாளைக்கு வா என்று பொருள். கன்னட நாட்டுச் சிற்றூர்களில் ஒரு வழக்கம் இருந்தது தெரியுமா? இரவிலே கதவைத் தட்டும் பேயை ஏய்ப்பதற்காக, வீட்டு வாசலில் "நாளே பா" என்று எழுதி வைப்பார்களாம். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம், மறுநாள் வருமாம், மறுபடி படித்துவிட்டுப் போகுமாம்! பேயை விரட்டக் கண்ட மந்திரத்தை, பணம் கொடுத்தவரை விரட்டப் பயன்படுத்துகிறார்கள் இன்று.

இரண்டாம் முறை போனார். "நீங்க ஓட்டுனது சரியில்ல" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை போனபோது அண்ணன் முறை போய்விட்டது. "கேஸ் போடறதுன்னா போட்டுக்கோ. ஆனா பெங்களூர்லதான் போடணும். எத்தன தடவ வருவே, பாக்கலாம்!"

மூன்று பயணம், மூன்று நாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணம் தனி, வீட்டிலே தைக்காமல் கிடந்த துணிக்குக் கேட்ட வசை தனி. "அண்ணே, அந்தக் கோட்டைத் தாண்டிட்டா நமக்கு நியாயமே கெடையாதா?" என்று கேட்டார்.

தோழர்களே! கடைக்காரர் கன்னடர் என்பதால் இது நேர்ந்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஏமாற்றுக்கு மொழி கிடையாது. இந்தப் பக்கத்துக் கடைத்தெருவிலேயே, செந்தமிழ் பேசிக்கொண்டே, இனிப்போடு அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்து, அட்டையை அல்வா விலைக்கு விற்கிறவர் இல்லையா? பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்து பொருள் வாங்கிப்போய்க் கைபிசையும் கன்னடத் தொழிலாளி இல்லையா? அவருக்கும் நமக்கும் பகை இல்லை. இருவருக்கும் நோய் ஒன்றே. மருந்தும் ஒன்றே.

அந்த மருந்து இருக்கிறதா? இருக்கிறது! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடைக்காரர் மூன்றாம் முறை சொன்னாரே, பெங்களூரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று, அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அதனால்தான் அவ்வளவு துணிவாகச் சொன்னார். ஆனால் அவர் படித்த சட்டம் பழைய சட்டம்.

வெள்ளையர் ஆட்சியில், 1930ஆம் ஆண்டில் பொருள் விற்பனைச் சட்டம் வந்தது. அதன் அடியிலே கிடந்த கோட்பாடு, வாங்குபவனே விழிப்பாக இருந்துகொள் என்பது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால் அவற்றை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றம் ஏற வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். பதினெட்டாயிரம் ரூபாய்த் தையல் இயந்திரத்துக்காக முப்பதாயிரம் ரூபாய் செலவழிக்க எந்தத் தொழிலாளியால் முடியும்?

1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு செய்தி விடுத்தார். கேடில்லாத பொருளைப் பெறும் உரிமை, உண்மையை அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, குறையைச் சொன்னால் கேட்கப்படும் உரிமை என்று நான்கு உரிமைகளை எடுத்துரைத்தார். 1985இல் ஐக்கிய நாடுகள் அவை நுகர்வோரைக் காக்க நெறிமுறைகள் வகுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1986 டிசம்பர் 24ஆம் நாள், இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மாவட்டந்தோறும் நுகர்வோர் மன்றம் வந்தது. வழக்கறிஞர் இல்லாமல், வாங்கியவர் தாமே நின்று பேசலாம் என்ற நிலை வந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் எல்லைப்புறத்தானுக்கு அதிலே ஒரு முள் இருந்தது. எதிர்த்தரப்பார் எங்கே இருக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ, எங்கே கிளை வைத்திருக்கிறாரோ, வழக்குக்குக் காரணம் எங்கே எழுந்ததோ, அங்கேதான் புகார் செய்ய வேண்டும். பெங்களூர்க் கடையில் வாங்கினால் பெங்களூர் மன்றம். ஓசூர்த் தொழிலாளி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து எல்லை தாண்ட வேண்டும். கடைக்காரரோ, கல்லாவிலிருந்து எழுந்து நாலு தெரு நடந்தால் போதும்! யார் முதலில் களைப்பார்? நியாயம் யார் பக்கம் என்பதல்ல, களைப்பு யார் பக்கம் என்பதே வழக்கை முடித்து வைத்தது.

அந்த முள்ளைப் பிடுங்கியது 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 34ஆவது பிரிவைப் படியுங்கள். பழைய இடங்களோடு புதிதாக ஓர் இடம் சேர்ந்திருக்கிறது: புகார் செய்பவர் குடியிருக்கும் இடம், அல்லது அவர் தாமே உழைத்துப் பிழைக்கும் இடம்!

சின்னத் திருத்தம்தான். ஆனால், ஓசூருக்கு அது பெரிய திருப்பம். ஓசூரில் குடியிருப்பவர், பொருளைப் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் சரி, கைப்பேசியைத் தட்டி டில்லியிலிருந்து வரவழைத்திருந்தாலும் சரி, கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ஒடிசாவில் வீடும் ஓசூரில் வேலையுமாக இருக்கும் தொழிலாளத் தோழரும் இங்கேயே செய்யலாம். உழைக்கும் இடம் இதுவல்லவா? அதுபோலவே, ஓசூரில் வாங்கி ஏமாந்த பெங்களூர்த் தொழிலாளி, தம் ஊர் ஆணையத்திலேயே ஓசூர்க் கடைக்காரரை நிறுத்தலாம். நீதி என்றால் இருபக்கமும்தானே!

செலவு? கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். வெள்ளைத் தாளில், நடந்தது நடந்தபடி எழுதினால் போதும். இணையம் வழியாகவும் தரலாம். நேரில் போக முடியாதவர், காணொலி வழியே கேட்க வேண்டும் என்று விண்ணப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மறக்கக் கூடாதது ஒன்று: குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும்.

"நாளே பா" மந்திரத்துக்கும் மாற்று இருக்கிறது. ஆணையத்தின் அறிவிப்பு கைக்கு வந்த 30 நாளில் எதிர்த்தரப்பார் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம். ஆக மொத்தம் 45 நாள். அதற்குமேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 மார்ச் 4ஆம் நாள் தீர்த்துச் சொல்லிவிட்டது. நாளை, மறுநாள் என்று நம்மை இழுத்தடித்தவருக்கு இப்போது நாள் எண்ணப்படுகிறது!

இனி அந்தத் துண்டுச் சீட்டுக்கு வருவோம்.

பில் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கேட்கக் கூச்சப்படுகிறோம். புதிய சட்டம் என்ன சொல்கிறது? விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லிலே ஒரு கெடு குறித்திருந்தால் அந்தக் கெடுவுக்குள். குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றாக வேண்டும். நம் தோழரின் இயந்திரம் புகைந்தது எந்த நாள்? பதினோராம் நாள்! சட்டத்தின் முன் அந்த ரப்பர் முத்திரை, பழுதை மூடும் போர்வை ஆகாது.

பில் இல்லாமல் வழக்கு நிற்குமா என்று கேட்கிறீர்கள். கடினம்தான், ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் இருக்கின்றன. பத்தாயிரம் ரூபாய் கைப்பேசி வழியே போனதற்கு வங்கிக் கணக்கிலே தடயம் இருக்கிறது. பழுதைச் சொல்லி அனுப்பிய செய்திகள் இருக்கின்றன. இவை எல்லாம் சான்றுகள். ஆனால் தோழர்களே, வரி மிச்சம் என்ற சிறு ஆசைக்குப் பில்லை விட்டுக்கொடுத்தோமே, அந்தப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. பில்லை விட்டவன் வாளை விட்டவன். அடுத்த முறை வாளோடு வாருங்கள்.

இன்னொரு ஐயம். "தையல் இயந்திரம் வைத்துச் சம்பாதிக்கிறார்களே! தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆவாரா?" என்று கடைக்காரர் தரப்பில் கேட்பார்கள். கேட்கட்டும். 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டிடம் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியது. அது தொடர்பாக வந்த வழக்கு. பெருந்தொகைக்கு வாங்கி வணிகத்துக்கு ஓட்டும் நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்றது தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பு, உழைப்பாளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தானே ஓட்ட லாரி வாங்கியவர் நுகர்வோர். தன் பிழைப்புக்காகத் தானே இயக்க லேத் வாங்கியவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டோடு விளக்கியது. ஓசூரில் கடன் வாங்கி ஒற்றை லேத் போட்டு, விடிய விடிய ஓட்டும் தம்பிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்து கண்பூத்துப் போகும் தாய்மாருக்கும் அதே நியாயம்தான்.

சட்டத்தின் கை கடைத்தெருவோடு நின்றுவிடுவதும் இல்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம்; பி.எப். என்று ஒரு பிடித்தம். பிடித்தம் போகிறது, ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நிற்கும்போது, நாம் ஏதோ தருமத்துக்கு வந்தவர்போல் தலைகுனிந்து நிற்கிறோம். ஹரியானா மாநிலத்தில் ஒருவர் அப்படித் தலைகுனியவில்லை. தம் மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முறையான மருத்துவம் கிட்டவில்லை என்று வழக்காடினார். உச்ச நீதிமன்றம் வரை போனது. இது இலவசம் அல்ல. தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் பங்குத் தொகை இருக்கிறது. ஆகவே காப்பீடு பெற்ற தொழிலாளி நுகர்வோரே என்று 2007இல் தீர்ப்பு வந்தது. வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் 1999இலேயே அவ்விதமே தீர்ப்பு வந்துவிட்டது: நிதியில் உறுப்பினரான தொழிலாளி நுகர்வோர், அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பதில் குறை வைத்தால் நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம்.

வயலுக்கும் வருவோம். கிருஷ்ணகிரி மாங்கனி மாவட்டம். இராயக்கோட்டையில் தக்காளி, ஓசூரைச் சுற்றி ரோஜா. விதையை நம்பி விதைத்து, முளையைக் காணாமல் வானத்தைப் பார்ப்பவர்கள் நம் உழவர்கள். ஆந்திர உழவர்களின் வழக்கு ஒன்றில், தேசிய விதைக் கழகமே எதிர்த்தரப்பாக நின்றது. சாகுபடி செய்து விற்பவன் நுகர்வோர் ஆவானா என்று வாதிட்டார்கள். விதை வாங்கிய உழவன் நுகர்வோரே என்று 2012இல் சொன்னது உச்ச நீதிமன்றம். மறக்க வேண்டாம்: விதைப் பையின் வில்லையையும் பில்லையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள்.

எடை, அளவு பற்றியும் ஒரு சொல். படியும் வீசையும் பலமும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் போய், 1958 அக்டோபர் முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக வந்தன. இன்று 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதை நிறைவேற்றும் பொறுப்பு எந்தத் துறையிடம்? நம் தொழிலாளர் துறையிடம்! கூலிக்காக எந்த அலுவலகப் படியேறுகிறோமோ, அந்தத் துறையே தராசையும் பார்க்கிறது. தராசிலே உரிய முத்திரை இல்லையா? பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்குமேல் கேட்கிறார்களா? அங்கே சொல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; செலவில்லாமல் அழைக்கலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, குறையைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கடைக்காரர் ஆகிவிடுவேன். ஆகவே அதையும் சொல்கிறேன்.

இந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கூலித் தகராறு இங்கே செல்லாது. அதற்குத் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் அரசு மருத்துவமனையின்மீது இதில் வழக்கு நிற்காது என்று 1995இல் சொல்லிவிட்டார்கள். வழக்கறிஞர் தொழிலும் இதற்குள் அடங்காது என்று 2024இல் தீர்ப்பாகிவிட்டது. மருத்துவர் வந்தார், வங்கி வந்தது, வழக்கறிஞர் மட்டும் வெளியே நின்றுகொண்டார்!

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறது. நடைமுறையோ வேறு. தலைவர் நாற்காலி காலி, உறுப்பினர் நாற்காலி காலி என்று நாடெங்கும் ஆணையங்கள் நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் காத்திருந்த கதை உண்டு. ஆளை அமர்த்த மனமில்லையென்றால் சட்டத்தையே எடுத்துவிடலாமே என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சினந்து கேட்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஆளை உட்காரவைக்காமல் இருந்தால், அதற்குப் பெயர் திறந்த கதவா? நாற்காலிகள் காலியாகும் முன்பே ஆளை நியமிக்க வேண்டும் என்று எந்த அரசானாலும் அதனிடம் கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை. இன்னொன்றும் கேட்கத் தக்கது: ஓசூர் இன்று மாநகராட்சி, தொழிலாளர் திரள் இங்கேதான் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஆணையம் மாதம் சில நாள் ஓசூருக்கு வந்து அமர்ந்தால் எத்தனை பேருடைய கூலி மிச்சமாகும்!

நேர்மையான வணிகர்கள் இதைப் படித்துவிட்டு நம்மைப் பகைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் இது காவல்தான். சரியான எடை போட்டு, பில் கொடுத்து, வரி கட்டி விற்பவர், பக்கத்துக் கடைக்காரன் பில்லில்லாமல் மலிவு காட்டுவதைக் கண்டு நொந்துபோகிறார். பொய்த் தராசு வாங்குபவனை மட்டும் ஏய்ப்பதில்லை. மெய்த் தராசு வைத்திருப்பவனையும் கெடுக்கிறது. வாங்குகிறவனின் பொருளையும் தன்னுடையதாக எண்ணி நடப்பதே வணிகனுக்கு வணிகம் என்று, நடுவு நிலைமையைப் பேசும் அதிகாரத்தில் வைத்துச் சொன்னார் வள்ளுவர். ஈராயிரம் ஆண்டு பழமையான அறத்துக்கு, நாடாளுமன்றம் இப்போதுதான் பிரிவு எண் போட்டிருக்கிறது.

நம் தோழர்களுக்கு என்ன வேலை? மேடை போடத் தெரிந்தவர்கள் நாம். மனு எழுதவும் தெரிய வேண்டும். படிப்பகத்தில் மாலைதோறும் ஏடு படிக்கிறோம். வாரம் ஒரு மாலை, மனு எழுதித் தரும் மாலையாக ஆகட்டும். பள்ளியிறுதி வரை படித்த ஒரு தம்பி போதும். வாங்கிய நாள், கொடுத்த தொகை, நேர்ந்த பழுது, கடைக்காரர் சொன்ன பதில், நாம் கேட்கும் பரிகாரம். ஐந்தையும் வரிசையாக எழுதி, சான்றுகளின் படியை இணைத்தால் மனு ஆயிற்று. முதலில் கடைக்காரருக்குத் தபாலில் ஓர் அறிவிப்பு. பதினைந்து நாள் பொறுத்திருந்து பதில் இல்லையென்றால் ஆணையம். சட்டம் ஏட்டில் இருப்பது அரசின் வேலை. அதைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவருவது நம் வேலை.

லேத் தோழருக்கு அப்படித்தான் எழுதினோம். பட்டறை முடிந்து, கையில் கிரீஸ் மணக்க வந்து உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒரு தம்பி எழுதினான். மூன்று பயணத்தையும், மூன்று நாள் கூலியையும், தைக்காமல் திருப்பிக் கொடுத்த துணிகளையும் எழுதினான். அறிவிப்பு போயிற்று. பதில் வரவில்லை. பிறகு மனு போயிற்று, எண் இடப்பட்டது, கடைக்காரருக்கு ஆணையத்தின் ஓலை போயிருக்கிறது. தீர்ப்பு எப்படி வருமோ, எப்போது வருமோ, இன்று சொல்ல முடியாது. வந்த தீர்ப்பை மதிக்காமல் போனால், ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ சட்டத்தில் காத்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்லலாம்.

எண் இட்ட தாளைக் கையில் வாங்கிய அன்று தோழர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணே, நான் மூணு தடவ சாக்குல கட்டித் தூக்கிட்டு அந்தக் கோட்டைத் தாண்டிப் போனேன். இனிமே அவரு தாண்டி வரணுமில்ல?"

ஆம், தோழரே! நேரிலே வருவாரோ, வழக்கறிஞரை அனுப்புவாரோ, கிருஷ்ணகிரியில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூஜூவாடி வழியாகத்தான் வர வேண்டும். வரட்டும்! நாம் "நாளே பா" என்று சொல்லப்போவதில்லை. இன்றே வரலாம், வரும்போது கையிலே பில் புத்தகத்தையும் எடுத்து வரட்டும்!